மலிவு வீடு, குடியிருப்பவருக்கும் மலிவுதானா?



மலேசியாவில் மலிவு விலை வீடுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் விவாதம் விலையோடு நின்றுவிடுகிறது. 1980களின் தொடக்கத்தில் அரசாங்கம் ஒரு வீட்டுக்கு 25,000 வெள்ளி என்று உச்சவரம்பு வைத்தது. 1998-இல், நிலத்தின் மதிப்பைப் பொறுத்து 25,000 முதல் 42,000 வெள்ளி வரை என்று அது மாறியது. அதே ஆண்டில் மூன்று படுக்கையறைகள் இருக்க வேண்டும், ஒரு மாடி வரிசை வீடு 60 சதுர மீட்டருக்கும் அடுக்குமாடி வீடு 63 சதுர மீட்டருக்கும் குறையக்கூடாது என்ற தர வரையறையும் வந்தது. அதற்கு முன்பு இரண்டே அறைகளில் பெரிய குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடந்ததை நினைத்தால் இது நல்ல முன்னேற்றம்தான்.

ஆனால் விலையும் பரப்பளவும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே ஒரு நாளில் முடிந்துவிடும் கணக்கு. சாவியை வாங்கிய மாதத்திலிருந்து வரத் தொடங்கும் மின் கட்டணம், வீட்டுக் கடன் தீர்ந்த பிறகும் வந்துகொண்டே இருக்கும். அந்தக் கட்டணத்தின் பெரும்பகுதியை முடிவு செய்வது குடியிருப்பவரின் சிக்கனம் மட்டுமல்ல. கூரை எப்படிப் போடப்பட்டது, வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது, காற்று நுழையவும் வெளியேறவும் வழி இருக்கிறதா என்ற மூன்றும் வரைபடம் வரையும்போதே முடிவாகிவிடுகின்றன. வாங்குபவரை அப்போது யாரும் கேட்பதில்லை.

இதில் அதிகம் பாதிக்கப்படுவது யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துக் காலையில் திரும்பும் ஒருவர் பகல் இரண்டு மணிக்கு மேல்மாடி அறையில் தூங்கியாக வேண்டும். அவருக்குச் சரியாக மேலே, மெல்லிய உட்கூரைக்கு அப்பால், வெயிலில் காய்ந்த ஓடுகள் இருக்கின்றன. குளிரூட்டி போட்டால் பணம் போகிறது; போடாவிட்டால் தூக்கம் போகிறது. 2016 ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் வெப்பம் தாங்காமல் பள்ளிகளை மூட நேர்ந்தது. பள்ளி மூடப்பட்ட பிள்ளைகள் போய்ச் சேர்ந்த இடம் அவரவர் வீடு. அந்த வீடுகள் பள்ளியைவிடக் குளிர்ச்சியாக இருந்தனவா என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே.

வெப்பம் எந்த வழியாக வருகிறது?

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 3 டிகிரியில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தலைக்கு மேலோ அதை ஒட்டியோ நிற்கிறது. ஆகவே வீட்டின் மீது விழும் வெயிலில் பெரும்பங்கைக் கூரை வாங்கிக்கொள்கிறது. அதற்கு அடுத்தபடி காலையில் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும். வடக்கு, தெற்குச் சுவர்களில் விழும் வெயில் குறைவு. விழுவதையும் ஜன்னலுக்கு மேல் சிறிது நீண்டிருக்கும் ஒரு கூரை விளிம்பே மறைத்துவிடும். மாலை நான்கு மணி மேற்கு வெயில் அப்படியல்ல. அது சாய்வாக வந்து ஜன்னல் வழியே நேராகக் கட்டில் வரை எட்டிப் பார்க்கும். எவ்வளவு நீளமான விளிம்பு வைத்தாலும் அதைத் தடுப்பது கடினம்.

வரிசை வீடுகளுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. நடு வீடுகளுக்கு இரு பக்கச் சுவர்களும் அடுத்த வீட்டோடு ஒட்டியவை. வெயில் படுவது முன்புறமும் பின்புறமும் மட்டுமே. அந்த முன்னும் பின்னும் வடக்கு தெற்காக அமைந்துவிட்டால் வீட்டின் வெப்பத்தில் ஒரு பகுதி செலவே இல்லாமல் குறைந்துவிடுகிறது. சிமெண்டும் இரும்பும் ஒரு துளி கூடத் தேவையில்லை. மனை பிரிக்கும்போது வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும். நடைமுறையில் நிலத்தின் வடிவத்தைப் பார்த்து, எப்படிப் பிரித்தால் அதிக வீடுகள் கிடைக்கும் என்றுதான் கோடு போடப்படுகிறது. அதனால் ஒரே திட்டத்தில், ஒரே விலையில், ஒரு சாலையில் இருப்பவர் மாலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறார். அடுத்த சாலையில் இருப்பவர் கதவைச் சாத்திக்கொண்டு குளிரூட்டியைத் தட்டுகிறார்.

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தொடங்கப்பட்ட ஓர் அரசு நிறுவனம். நிலமும் அதனிடம், கட்டுவதும் அதுவே என்பதால் புளோக்குகளை எந்தத் திசையில் நிறுத்துவது என்பதைத் திட்டமிட அதற்கு வசதி இருந்தது. அதன் முதல் சுற்றுச்சூழல் குடியிருப்பாக 2010-இல் நிறைவடைந்த பொங்கோல் ‘டிரீலாட்ஜ்’ திட்டத்தில் திசையும் காற்றோட்டமும் முன்கூட்டியே கணக்கிடப்பட்டன. மழைநீரும், பொது விளக்குகளுக்கான சூரிய மின்தகடுகளும் அவற்றோடு சேர்ந்து வந்தன. தனியார் மேம்பாட்டாளர்கள் கட்டும் இடத்தில் இதே ஒழுங்கை விதிமுறையால்தான் கொண்டுவர முடியும்.

பலகை வீட்டுப் பழக்கம், கல்வீட்டு வெப்பம்

இந்த நாட்டில் வெப்பத்தைச் சமாளிக்கத் தெரிந்த வீடு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. மலாய் கம்பத்து வீடு தரையிலிருந்து தூண்களின் மேல் உயர்ந்து நிற்கும். நிப்பா ஓலையால் வேய்ந்த அத்தாப்புக் கூரை வெப்பத்தைத் தேக்கி வைக்காது. ஜன்னல்கள் தரை வரை நீளும். சுவரின் உச்சியில் துளையிட்ட பலகைகள் காற்றை விடும். உள்ளே தடுப்புகள் குறைவு. லிம் ஜீ யுவான் 1987-இல் வெளியிட்ட ‘தி மலாய் ஹவுஸ்’ என்ற நூல் இவற்றையெல்லாம் படங்களோடு விளக்கியது. அந்நூல் எடுத்துக்காட்டிய இன்னொரு சிறப்பு, மலிவு வீட்டுக்கு நேரடியாகப் பொருந்துவது. ‘ருமா இபு’ எனப்படும் மைய வீட்டை முதலில் கட்டுவார்கள். குடும்பம் பெருகி, கையில் காசு சேரும்போது பக்கத்தில் ஒவ்வொரு பகுதியாகச் சேர்ப்பார்கள். முழு வீட்டுக்கும் முதல் நாளே கடன்பட வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை.

தோட்டப்புற லயங்களை இந்த அளவுக்குப் புகழ முடியாது. இடநெருக்கடியும் கழிவறைக் குறைபாடும் ஊரறிந்தவை. தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுக்க 1966-இலும் 1990-இலும் சட்டங்களே கொண்டுவர வேண்டியிருந்தது. தகரக் கூரையின் வெப்பமும் மழைச் சத்தமும் அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் பலகைச் சுவர்களால் ஆன லயத்து வீட்டில் ஒரு குணம் இருந்தது. சூரியன் இறங்கியதும் அதுவும் சூடு இறங்கிவிடும். பலகைக்கும் தகரத்துக்கும் வெப்பத்தைச் சேமித்து வைக்கும் கனம் இல்லை.

செங்கல், கான்கிரீட் வீடு இதற்கு நேர்மாறானது. பகல் முழுவதும் மெதுவாகச் சூடேறி, இரவு ஒன்பது, பத்து மணிக்கு அந்தச் சூட்டை அறைக்குள் விடும். வெளியே 24, 25 டிகிரிக்கு இறங்கிவிட்ட நேரத்தில் மேல்மாடிப் படுக்கையறை வெந்துகொண்டிருப்பதன் காரணம் இதுவே.

தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் கல்வீடுகளுக்கு வந்தவர்கள் பழைய பழக்கத்தையும் கையோடு கொண்டுவந்தார்கள். பகலில் ஜன்னலைத் திறப்பது, இரவில் கொசுவுக்கும் திருடனுக்கும் பயந்து மூடிவிடுவது. பலகை வீட்டுக்கு இது சரி. கல்வீட்டிலோ பகலின் 33 டிகிரி காற்றைக் கூப்பிட்டு உள்ளே வைத்து, இரவின் குளிர்ந்த காற்றை வாசலோடு திருப்பி அனுப்பியதாக ஆகிறது.

இது வெறும் ஊகம் அல்ல. ஜப்பானிய ஆய்வாளர் டெட்சு குபோதாவும் சக ஆய்வாளர்களும் ஜோகூர் பாரு வட்டாரத்தின் வரிசை வீடுகளை ஆராய்ந்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலான குடும்பங்கள் பகலில் ஜன்னலைத் திறந்து இரவில் மூடுவதை அவர்கள் கண்டார்கள். அதைத் தலைகீழாக்கி, பகலில் மூடி இரவில் திறந்தபோது அறையின் உச்ச வெப்பம் 2.5 டிகிரியும் இரவு வெப்பம் சராசரியாக 2 டிகிரியும் குறைந்தன. ஒரு காசு செலவில்லாத மாற்றம் இது. காற்றின் ஈரப்பதம் மட்டும் இதனால் தீர்ந்துவிடாது. அதற்குக் காற்றாடியின் துணை வேண்டும்.

ஆனால் மக்களைப் பார்த்து “இரவில் ஜன்னலைத் திறந்து தூங்குங்கள்” என்று சொல்லிவிட்டுப் போவது பொறுப்பான பேச்சாகாது. திருட்டுப் பயம் உண்மையானது, டிங்கிக் காய்ச்சலும் உண்மையானது. ஆகவே இதைக் கட்டும்போதே வடிவமைப்பில் சேர்க்க வேண்டும். உட்கூரைக்குச் சற்றுக் கீழே, ஆள் நுழைய முடியாத அளவில், கம்பியும் கொசுவலையும் பொருத்திய காற்றுத் திறப்புகளை எதிரெதிர்ச் சுவர்களில் வைக்கலாம். சூடான காற்று மேலே ஏறும் இயல்புடையது; அந்த இடத்திலேயே அதற்கு வழி கிடைத்துவிடும். 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டட விதிகள், அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத ஜன்னலும், காற்று தடையின்றிச் செல்ல 5 விழுக்காட்டுக்குக் குறையாத திறப்பும் வேண்டும் என்கின்றன. அந்தத் திறப்பு இரவில் பூட்டிக்கிடந்தால் விதி காகிதத்தில்தான் இருக்கும்.

இங்கே வீட்டு உரிமையாளர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வரிசை வீட்டின் நடு அறைக்குக் காற்று வருவது பின்புறத் திறந்தவெளியிலிருந்தோ, வானம் பார்த்த சிறு முற்றத்திலிருந்தோதான். பினாங்கு, மலாக்கா பழைய கடைவீடுகளில் நீண்ட கட்டடத்தின் நடுவே இப்படி முற்றம் விட்டு, அதன் வழியாக வெளிச்சமும் காற்றும் பெற்றார்கள். இன்றைய வரிசை வீட்டை வாங்கியதும் பலர் முதலில் செய்வது என்ன? சமையலறையைப் பின்சந்து வரை நீட்டுவது, முற்றத்துக்கு மேல் கூரை போடுவது, முன்னால் கார் நிறுத்துமிடத்தைத் தகரத்தால் மூடுவது. இடம் கூடுகிறது, உண்மைதான். அதோடு நடு அறைக்குப் பகலிலும் விளக்குப் போட வேண்டியதாகிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து வெப்பத்தை வாங்கிய கதை இது. நீட்டத்தான் வேண்டும் என்றால், கூரையில் ஒரு பகுதியையாவது உயர்த்தி, பக்கவாட்டில் காற்றுப் போக இடைவெளி விடச் சொல்லிக் குத்தகையாளரிடம் கேட்கலாம்.

பொருள் வேலை செய்யாத இடம்

குறைந்த செலவில் நல்ல வீடு என்றால் கேரளத்தில் பணியாற்றிய லாரி பேக்கரை விட்டுவிட்டுப் பேச முடியாது. இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் நிலைத்து, 2007-இல் மறைந்தவர். கேரளமும் மலேசியாவைப் போலவே வெப்பமும் ஈரமும் பெருமழையும் உள்ள நிலம் என்பதால் அவருடைய வேலை இங்கே கவனிக்கத் தக்கது.

அவர் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். செங்கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமானது. நடுவிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுத்தது. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில், கான்கிரீட்டுக்குப் பெரிதாக வேலை இல்லாத இடங்களில், பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தார். ஜன்னலுக்குப் பதிலாகச் செங்கற்களுக்கு இடையே துளைகள் விட்டுக் காற்றையும் வெளிச்சத்தையும் வடிகட்டினார்.

இவற்றை அப்படியே மலேசியாவுக்குக் கொண்டுவந்து நட்டுவிட முடியாது. பேக்கரின் முறை தேர்ந்த கொத்தனாரின் கைவேலையை நம்பியது. இங்கே கட்டுமானம் கான்கிரீட் சட்டகத்தையும் அச்சுப் பலகையையும் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் வைத்து வேகமாக ஓடுகிறது. அந்த வேகமே விலையைக் கட்டுக்குள் வைக்கிறது. எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் கேட்ட கேள்வியை. இந்தப் பொருள் இந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது? உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. வேலை செய்யாத கான்கிரீட்டைக் குறைத்தால் வீட்டின் விலையும் குறையும், வானத்துக்குப் போகும் புகையும் குறையும். எடையைத் தாங்காத இடைச்சுவர்களுக்கு, உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான கற்கள் இந்நாட்டுச் சந்தையிலேயே கிடைக்கின்றன. அவை சாதாரணச் செங்கல்லைவிட வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். மேற்குச் சுவருக்கு மட்டுமாவது அவற்றைப் பயன்படுத்தலாம்.

கூரைக்கு வருவோம். ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள் விரிப்பது பலருக்கும் தெரிந்த முறை. ஆனால் தாளின் பளபளப்பான முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருந்தால்தான் அது வெப்பக் கதிரைத் தடுக்கும். ஏதாவது ஒன்றோடு ஒட்டிக் கிடந்தால் பயனில்லை. மேல் நோக்கிய பளபளப்பில் நாளடைவில் தூசி படியும். அதனால் பளபளப்பான முகம் கீழ்நோக்கி இருப்பது நல்லது. உட்கூரைக்கு மேல் கண்ணாடிப் பஞ்சு அல்லது பாறைப் பஞ்சு விரித்தால் பலன் இன்னும் கூடும். வெள்ளை நிறக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பதும் உண்மை. ஆனால் இந்த ஈரக் காற்றில் சில ஆண்டுகளில் பாசி பிடித்துக் கறுத்துவிடும். கழுவிப் பூச ஆளும் பணமும் வேண்டும். ஏழை வீட்டுக்கு அதை மட்டும் நம்பிப் பரிந்துரைப்பது நியாயமில்லை.

2012-இல் சீரான கட்டட விதிகளில் 38A என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, இலேசான கூரையில் 0.4 வாட்டுக்கும் கனமான கூரையில் 0.6 வாட்டுக்கும் மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது அது. குடியிருப்பு வீடுகளுக்கும் இது பொருந்தும். மாநிலம் மாநிலமாக ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டிய விதி என்பதால், வாங்கும் வீடு எந்த விதியின் கீழ் அங்கீகாரம் பெற்றது என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. கூரைக்கு அடியில் என்ன போட்டிருக்கிறது என்பதை மேம்பாட்டாளர் ஒரு வரியில் எழுதிக் கொடுக்க முடியும். வரவேற்பறைத் தரைக்கு எந்தக் கல் என்று கேட்கத் தயங்காதவர்கள் இதையும் கேட்கலாம்.

மேம்பாட்டாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. விற்கும் விலைக்கு உச்சவரம்பு இருக்கும்போது கூரையில் போடும் ஒவ்வொரு வெள்ளியும் அவர் கையிலிருந்து போகிறது. மிச்சமாகும் மின்சாரத்தின் பலனோ வேறொருவருக்கு. ஆகவே நல்ல மனத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பதைவிட, மலிவு வீட்டுக்கு விலையும் பரப்பளவும் நிர்ணயிப்பது போலவே கூரையையும் திசையையும் காற்றுத் திறப்பையும் நிர்ணயிப்பதே வழி. மாநில அரசும் ஊராட்சி மன்றமும் வரைபடத்தை அங்கீகரிக்கும் கட்டத்தில் இது செய்யக்கூடியதே.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் இருப்பவர்கள்

இனி, ஏற்கெனவே வாங்கிக் குடியிருப்பவர்களுக்கு. சூரிய மின்தகடு விளம்பரங்கள் பெருகிவிட்டன. தகடு நல்லதுதான். ஆனால் கூரை வழியாக வெப்பத்தை உள்ளே விட்டுக்கொண்டு, அந்த வெப்பத்தை வெளியேற்ற மின்சாரம் தயாரிப்பது வரிசை மாறிய செலவு. முதல் செலவு மேற்கு ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடும் மூங்கில் தட்டியாக இருக்கட்டும். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரைச்சீலை போட்டு மறைப்பதால் வெப்பம் திரும்பிப் போவதில்லை. மேற்குச் சுவர் ஓரம் மண் இருந்தால் கோவையோ அவரையோ பாகலோ பந்தலிட்டு ஏற்றலாம். நிழலும் கிடைக்கும், கறியும் கிடைக்கும். அடுத்தது உட்கூரைக்கு மேல் பஞ்சு விரிப்பது. அதையும் முதலில் படுக்கையறைகளுக்கு மேல் மட்டும் செய்தால் செலவைப் பிரித்துக்கொள்ளலாம்.

காற்றாடி அறையின் வெப்பத்தைக் குறைக்காது. உடலுக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்த உணர்வைத் தரும். உட்கூரை அனலாக இருந்தால் அதே காற்றாடி அனலைத்தான் கீழே தள்ளும். அதனால்தான் கூரை முதலில் வருகிறது. ஒரு சாதாரணக் காற்றாடி எட்டு மணி நேரத்தில் அரை யூனிட்டைச் சற்றுத் தாண்டும். ஒரு குதிரைத் திறன் குளிரூட்டி அதே நேரத்தில் ஐந்தாறு யூனிட் வரை இழுக்கும். 2025 ஜூலை முதல் நடப்புக்கு வந்த மின் கட்டண முறையில், பயன்பாடு கூடக் கூடச் சிக்கனத்துக்கான தள்ளுபடி குறைந்துகொண்டே போய் 1,000 யூனிட்டோடு நின்றுவிடுவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மழைநீரைப் பற்றி ஒரு சொல். கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 60 சதுர மீட்டர் கூரையில் விழுவது ஏறத்தாழ 144,000 லிட்டர். 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கு தண்ணீருக்குத் தவித்தபோது இந்தக் கணக்கைப் பலர் போட்டார்கள். மழை திரும்பியதும் மறந்தார்கள். கழுவவும் செடிக்கு ஊற்றவும் மூடியிட்ட ஒரு பீப்பாய் போதும். மூடியும் வலையும் கட்டாயம், இல்லையென்றால் அது கொசுப் பண்ணையாகிவிடும்.

அடுக்குமாடி வீட்டில் உச்சி மாடியில் இருப்பவரின் சிக்கல் வேறு. மின்தூக்கி இல்லாத ஐந்து மாடிக் கட்டடத்தில் படியேறிக் களைத்து வருபவருக்கே மிகச் சூடான வீடும் வாய்க்கிறது. அவர் தலைக்கு மேலிருக்கும் கூரை பொதுச் சொத்து; தனியாக ஆள் வைத்து அதில் வேலை செய்ய முடியாது. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி அதைப் பராமரிக்கும் பொறுப்பு கூட்டு நிர்வாகத்தைச் சேர்ந்தது. “மேல்மாடிக்காரருக்கு மட்டும்தானே பயன், எல்லாரும் ஏன் பணம் போட வேண்டும்?” என்ற கேள்வி கூட்டத்தில் எழும். அதற்குப் பதில் இருக்கிறது. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் கான்கிரீட் கூரையில் விரிசல் விழுகிறது; ஒழுக்கு அங்கிருந்து தொடங்கி மாடி மாடியாக இறங்குகிறது. வெப்பத்தடுப்பு அந்த விரிசலையும் தள்ளிப்போடும். கூரை ஒழுக்கை அடைக்க எப்படியும் ஒரு நாள் ஆட்களை ஏற்ற வேண்டும். அதே ஆட்கள், அதே கூலியோடு வெப்பத்தடுப்பையும் சேர்த்துப் போட்டுவிட்டால் தனிச் செலவு பெரிதும் குறையும். பராமரிப்புக் கட்டணம் ஒழுங்காக வசூலாகும் கட்டடங்களில் சேமநிதியிலிருந்தே இதற்கு வழி பார்க்கலாம். உச்சி மாடிக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, இரண்டு குத்தகையாளர்களிடம் விலை வாங்கி, தீர்மானத்தை ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பாகவே எழுத்தில் கொடுத்துவைக்க வேண்டும். கூட்டத்தன்று எழுந்து வாயால் மட்டும் சொன்னால் அது குறிப்பேட்டில் ஏறாமலே போய்விடும்.